மண்ணில் ஜிப்சியின் பின்பக்கம் நிற்க மாட்டேன் என்றால்: ஒரு கோத்தகிரி செட்டப் குறிப்பு

மண் டிராக்கில் ஜிப்சி ஓட்டுகிற எல்லாருக்கும் ஒரே புகார்தான், "பின்னாடி நிக்கவே மாட்டேங்குது." அதற்கு அவர்கள் செய்கிற வைத்தியமும் ஒன்றேதான். பட்டையை, அதாவது இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்கை, கெட்டியாக்குவார்கள், இல்லையென்றால் கடையில் இருப்பதிலேயே விலை கூடிய ஷாக்கை (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிற எண்ணெய்க் குழாய்) வாங்கி மாட்டி அதன் குமிழைக் கடைசி வரை இறுக்கிவிடுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன், இரண்டு சீசன் அதிலேயே போனது. கெட்டியான பின்பக்கத்தோடு மேடு பள்ளத்தில் போனால் டயர் பாதி நேரம் தரையிலேயே இருக்காது. காற்றில் சுற்றுகிற டயருக்கு ஏது பிடிப்பு?

இங்கே சொல்வது பட்டை ஸ்பிரிங்கும் ஒரே கட்டையான பின் ஆக்ஸிலும் உள்ள வண்டிக்கு. எங்களிடம் இருப்பது மாருதி ஜிப்சி, 1985-இல் வந்ததிலிருந்து நாலு மூலையிலும் பட்டைதான். பழைய மஹிந்திரா ஜீப்புக்கும் பெரும்பகுதி பொருந்தும். எஸ்டீம், 800 மாதிரி முன்சக்கரம் இழுக்கிற வண்டிகளுக்குக் கணக்கே வேறு. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே போன்ற தார் டிராக்கில் ஓட்டிப் பழகியவர்கள் அந்தக் கணக்கைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு வராதீர்கள்.

இன்னொன்று, ஓட்டிப் பார்க்க எஸ்டேட் ரோடும் காட்டு ரோடும் வேண்டாம். வனத்துறை வழக்கு ஒரு பக்கம், திருப்பம் தாண்டியதும் காட்டெருமை நிற்பது இன்னொரு பக்கம். தெரிந்தவர் ஒருவரின் பூமி கேரட் எடுத்த பிறகு இரண்டு மூன்று வாரம் சும்மா கிடக்கும், அவரிடம் கேட்டு அங்கேதான் ஓட்டுகிறோம். கடைசியில் டிராக்டர் வைத்து உழுது கொடுத்துவிட வேண்டும், அதுதான் வாடகை.

சரி, செட்டப்புக்கு முன்னால் வண்டி முதலில் ஒழுங்காக இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு வேலை இங்கேயே முடிந்துவிடும். கடப்பாரையை விட்டு நெம்பினால் பட்டைக் கண்ணில் (பட்டை நுனியின் வளையம்) இருக்கிற ரப்பர் புஷ் ஆடுகிறதா, ஷாக்கில் எண்ணெய் கசிகிறதா, பட்டை எங்காவது விரிசல் விட்டிருக்கிறதா என்று கை வைத்துத் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாதது சென்டர் போல்ட், பட்டைகளை நடுவில் கோத்து ஆக்ஸிலை அதன் இடத்தில் நிறுத்துகிற போல்ட். அது அறுந்தாலும் பட்டையை ஆக்ஸிலோடு கட்டுகிற யூ போல்ட்டின் பிடியில் ஆக்ஸில் அங்கேயே உட்கார்ந்திருக்கும், ஆனால் ஒரு பக்கம் கொஞ்சம் பின்னால் நகர்ந்திருக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, ஸ்டியரிங்கை நேராக வைத்து முன் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) நடுவிலிருந்து பின் ஹப் நடு வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளப்பது. 5 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் வேறெதையும் தொடாமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். எங்கள் வண்டி இடது வளைவில் பாம்பு மாதிரி வாலை வீசி, வலது வளைவில் மாடு மாதிரி நேராகப் போனதற்கு ஒரு வருடம் நாங்கள் டிரைவரைத் திட்டினோம். கடைசியில் பார்த்தால் 14 மி.மீ. வித்தியாசம்.

அப்புறம் உயரம் அளக்க வேண்டும். நீலகிரியில் இதற்குத்தான் பெரிய பாடு, ஏனென்றால் வண்டி நிறுத்துகிற அளவுக்கு மட்டமான தரை இங்கே கிடையாது. கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற ஷெட் தரையில்கூட ஒரு மூலைக்கும் இன்னொரு மூலைக்கும் 20 மி.மீ. வித்தியாசம் இருக்கும், அதில் வண்டியை நிறுத்தி மில்லிமீட்டர் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர்க் குழாயை வாங்கி, நாலு டயரும் நிற்கிற இடத்தை மட்டம் பார்த்து, பள்ளமான இடத்தில் டைல்ஸ் துண்டுகளை அடுக்கி, இடத்தைச் சுற்றி பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். ஒரு நாள் வேலை, ஆனால் ஒரே தடவைதான்.

அளக்கும்போது ஓட்டுகிறவர் சீட்டில் இருக்க வேண்டும், ஹெல்மெட்டோடு. டேங்கில் பந்தயத்துக்கு எவ்வளவு ஊற்றுவீர்களோ அவ்வளவு பெட்ரோல். டயரில் இரண்டு பக்கமும் ஒரே காற்று. ஃபெண்டரிலிருந்து அளக்காதீர்கள், மண்ணில் ஓடுகிற வண்டியில் நேரான ஃபெண்டர் எது? ஆக்ஸில் குழாயின் மேல்பக்கத்திலிருந்து அதற்கு நேர் மேலே சேஸியின் அடிப்பக்கம் வரை அளந்து இடது, வலது என்று நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டுதான் இனி எல்லாம்.

இந்த இடத்தில் மலை வண்டிக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. பின்பக்கத்தை இரண்டு பேர் உட்கார்ந்து அமுக்கி மெதுவாக விட்டுவிட்டு அளங்கள். பிறகு பம்பரைப் பிடித்து மேலே தூக்கி மெதுவாக விட்டு அளங்கள். இரண்டும் ஒன்றாக வராது, பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே இருக்கிற உராய்வு அதை அங்கங்கே பிடித்துவைக்கும். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகை மழையும் மூடுபனியும் சேர்ந்து பட்டைகளுக்கு நடுவில் துருவைச் சாந்து மாதிரி அப்பிவிடும். எங்கள் வண்டியில் அந்த வித்தியாசம் 22 மி.மீ. இருந்தது. அதாவது சின்ன மேடுகளுக்கு ஸ்பிரிங் அசையவே இல்லை, கட்டை வண்டிதான். பட்டைக் கட்டைப் பிரித்து, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, நுனிகளில் மேல்பட்டையை அரித்திருந்த கூர் விளிம்பை உருட்டிவிட்டு, கிராஃபைட் கிரீஸ் மெல்லிசாகப் பூசி மாட்டியதும் 8 மி.மீ.க்கு வந்தது. புது ஷாக்குக்குச் செலவழித்த பணத்தைவிட இந்த அரை நாள் வேலைதான் வண்டியை மாற்றியது, இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். கட்டைப் பிரிக்கும்போது மட்டும் கவனம், பட்டைகளை ஒரு பெரிய கிளாம்பில் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் சென்டர் போல்ட்டைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் முகத்துக்கு வரும். வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகாதீர்கள், சரிவில் அதைவிட ஆபத்து வேறில்லை. ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது எடை. நாலு சக்கரத்துக்கும் தனித்தனியாக வைக்கிற ரேஸ் தராசு நம்மிடம் இல்லை, தேவையும் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டை போடுகிற மண்டித் தராசு 500 கிலோ வரை தாங்கும், அது போதும். ஒரு சக்கரத்துக்கு அடியில் தராசு, மற்ற மூன்றுக்கும் தராசின் உயரத்துக்கே பலகை. பிறகு தராசை அடுத்த சக்கரத்துக்கு மாற்றுங்கள். உதாரணத்துக்கு முன் இடது 290, முன் வலது 280, பின் இடது 250, பின் வலது 260 என்று வந்தால் மொத்தம் 1080 கிலோ. முன் வலதையும் பின் இடதையும் கூட்டினால் 530, அதாவது 49.1 சதவீதம், இதுதான் குறுக்கு எடை. இரண்டு பக்கமும் வளைவு இருக்கிற நம் ஆட்டோகிராஸ் (மண் தடப் பந்தயம்) தடத்துக்கு இது 50-ஐ ஒட்டியே இருக்க வேண்டும். அமெரிக்காவில் மண் ஓவல் தடத்தில் ஓடுகிற வண்டிகள் இடது பக்கம் மட்டுமே திரும்புகின்றன, அதனால் அங்கே வேண்டுமென்றே பின் இடது சக்கரத்தில் கூடுதல் எடை வைப்பார்கள். அவர்கள் சொல்கிற எண்களை அப்படியே நம் வண்டிக்குப் போட்டால் ஒரு வளைவுக்கு மட்டும்தான் வண்டி நல்லதாக இருக்கும்.

இதைச் சரிசெய்வது ஆடுகிற டீக்கடை மேசைக்குக் காகிதம் மடித்து வைப்பது மாதிரி. ஒரு காலை உயர்த்தினால் அந்தக் காலும் அதற்குக் குறுக்கே எதிரே இருக்கிற காலும் பாரம் வாங்கும், ஒரு காலைத் தாழ்த்தினால் அந்த இரண்டும் இளகும். ஜிப்சியில் பட்டை ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறது, அதனால் ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே 3 மி.மீ. தகடு வைத்தால் அந்த மூலை இறங்கும். மேலே சொன்ன கணக்குக்குப் பின் வலதில் ஒரு தகடு. தகட்டில் சென்டர் போல்ட் தலைக்கு ஓட்டை இருக்க வேண்டும், தலை ஆக்ஸில் குழியில் இன்னும் நன்றாக உட்காருகிறதா என்றும் பாருங்கள். உட்காரவில்லையென்றால் நீளத் தலை போல்ட் வாங்குங்கள்.

பட்டையை எப்போது தொட வேண்டும்? பின் சீட், ஸ்டெப்னி, கேரியர் எல்லாம் கழற்றிய வண்டிக்குக் கம்பெனிப் பட்டைக் கட்டு கெட்டிதான், அது நாலு பேரையும் மூட்டையையும் சுமக்கச் செய்தது. ஒரு பட்டையை எடுத்துப் பார்க்கலாம். மெயின் பட்டையையும், அதன் கண்ணை ஒட்டி வருகிற இரண்டாவது பட்டையையும் தொடக் கூடாது. எங்களுடையதில் மூன்றாவதை எடுத்தோம். எண்ணிக்கையைவிடத் தடிமன்தான் முக்கியம், பட்டையின் கெட்டித்தனம் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 6 மி.மீ. பட்டைக்குப் பதில் 7 மி.மீ. போட்டால் அந்த ஒரு பட்டை ஒன்றரை மடங்குக்கு மேல் கெட்டியாகிவிடும். "ஒரு மில்லிதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பட்டையின் வளைவை மாற்ற மேட்டுப்பாளையத்தில் லாரிக்குப் பட்டை அடிக்கிற பட்டறைக்குக் கொண்டுபோகலாம், கை தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எவ்வளவு வளைவு என்று அட்டையில் வெட்டிக் கொடுத்துவிடுங்கள். நான் வாயால் சொல்லிவிட்டு வந்த ஒரு இடத்தில், "தம்பி, மலை வண்டிதானே, நல்லா தூக்கிக் குடுத்திருக்கேன்" என்று 50 மி.மீ. ஏற்றிக் கொடுத்தார்கள். அவர் மேல் தப்பில்லை, லாரிக்காரர் யாரும் பின்பக்கம் இறங்கட்டும் என்று கேட்டு வந்திருக்க மாட்டார்.

அந்த 50 மி.மீ. என்ன செய்தது என்பதைச் சொன்னால்தான் பட்டை வண்டியின் ரகசியம் புரியும். பின் பட்டையின் முன்கண் சேஸியில் நிலையாக மாட்டியிருக்கிறது, பின்கண் ஷாக்கிள் என்கிற சின்ன இணைப்புத் தகட்டில் ஆடுகிறது. ஆகவே ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது முன்கண்ணை மையமாக வைத்து ஊஞ்சல் மாதிரி ஒரு வில்லில்தான் போகும். முன்கண் ஆக்ஸிலைவிட உயரத்தில் இருந்தால், வளைவில் வண்டி சாயும்போது அமுங்குகிற வெளிச்சக்கரம் கொஞ்சம் பின்னால் போகும், தொங்குகிற உள்சக்கரம் முன்னால் வரும். ஆக்ஸில் முழுவதும் குறுக்காகத் திரும்பிவிடும், பின்சக்கரங்களே ஸ்டியரிங் பிடித்த மாதிரி வால் வெளியே போகும். வண்டி உயர உயர இது கூடும். நாங்கள் பட்டையை ஏற்றியதும் வண்டி வளைவுக்குள் நுழைந்த உடனே, ஆக்ஸிலரேட்டரைத் தொடும் முன்பே, பின்பக்கம் கழன்றது. அமெரிக்க மண் ஓவல்காரர்கள் இதே வித்தையை வேண்டுமென்றே செய்கிறார்கள். நாலு கம்பியில் ஆக்ஸிலைத் தொங்கவிட்டு, அந்தக் கம்பிகளின் சாய்வை ஓட்டை மாற்றி மாற்றி, இடது வளைவில் இடது பின்சக்கரம் முன்னால் வருகிற மாதிரி அமைப்பார்கள். நமக்கு இருக்கிற ஒரே வழி உயரம். பின்பக்கம் நுழைவிலேயே கழன்றால் 15 மி.மீ. இறக்கிப் பாருங்கள், நேராகவே போகிறது திரும்பவில்லை என்றால் ஏற்றிப் பாருங்கள். நீள ஷாக்கிள் போட்டு ஏற்றினால் ஷாக்கிள் நீண்டதில் பாதிதான் வண்டி ஏறும், கூடவே டிஃப்ரன்ஷியல் (பின் ஆக்ஸிலின் நடுவே இருக்கிற கியர் பெட்டி) மூக்கு மேலே பார்க்கும், அதில் சேர்கிற தண்டின் கிராஸ் மூட்டு அதிரும். அவசரத்துக்குப் பரவாயில்லை, நிரந்தரமாக வேண்டாம்.

காயில் ஸ்பிரிங் ஜிம்னி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பட்டைக் கதை பொருந்தாது. அங்கே ஆக்ஸிலைக் குறுக்கே பிடிக்கிற கம்பியின் உயரத்தைத்தான் பார்க்க வேண்டும், அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஷாக்குக்கு வருகிறேன். முதல் வேலை அதன் ஓட்டம். ராடில் ஒரு கேபிள் டை கட்டி, கீழே தள்ளிவிட்டு, நாலு ரவுண்டு ஓட்டிவிட்டு வந்து டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ராடு முழுக்க உள்ளே போய் முட்டியிருந்தால் ஷாக் உடையப் போகிறது, ஆக்ஸில் மேலே வரும்போது தடுக்கிற பம்ப் ஸ்டாப் ரப்பர்தான் முதலில் முட்ட வேண்டும், ஷாக்கில் 15, 20 மி.மீ. மிச்சம் இருக்க வேண்டும். டஸ்ட் கவர் ராடை மூடியிருந்தால் ரப்பரில் சாக்பீஸ் தடவிவிடுங்கள், அழிந்ததை வைத்துத் தெரியும். அதே மாதிரி வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது சக்கரம் பட்டையில் தொங்குகிறதா, ஷாக்கில் தொங்குகிறதா பாருங்கள். ஷாக்கில் தொங்கினால் அது குட்டை, உள்சக்கரம் சீக்கிரம் தரையை விடும்.

குமிழ் இருக்கிற ஷாக் என்றால் முழு இறுக்கத்திலிருந்து எத்தனை கிளிக் இளக்கினோம் என்று எண்ணி எழுதுங்கள். அமுங்குகிற பக்கத்தை இளக்கத்தில் ஆரம்பியுங்கள். நீள்கிற பக்கத்தை நடுவில் வையுங்கள். வரிசையாகச் சின்ன மேடுகள் வருகிற இடத்தில் பின்பக்கம் போகப் போகத் தாழ்ந்து, கடைசியில் கட்டை மாதிரி உதைத்தால் நீள்வது இறுகிவிட்டது, ஸ்பிரிங் எழுந்து நிற்க நேரம் கிடைக்கவில்லை என்று அர்த்தம், இரண்டு கிளிக் இளக்குங்கள். ஒரு மேட்டுக்கு இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடினால் இரண்டு கிளிக் இறுக்குங்கள்.

கிளம்பும்போது பின்பக்கம் டடடட என்று குதிப்பது வேறு வியாதி. அங்கே ஆக்ஸில் முறுக்கிக்கொண்டு பட்டையின் முன்பாதியை எஸ் மாதிரி வளைக்கிறது, விட்டதும் திரும்பி அடிக்கிறது. ஷாக்கை இறுக்கி இதை மறைக்கலாம், தீராது. பட்டையின் முன்பாதியில் மட்டும் இரண்டு கிளிப் போட்டு இறுக்கினால் முன்பாதி விறைப்பாகும், பின்பாதி மெத்தென்று இருக்கும். எங்களுக்கு இதிலேயே முக்கால்வாசி போய்விட்டது.

டயர் காற்றுக்கு வந்தால், நாம் செட்டப் செய்கிற கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், பந்தயத்துக்கு இறங்குகிற கோவை சுமார் 400. இங்கே வெளிக்காற்றின் அழுத்தம் கோவையைவிட ஏறக்குறைய 2 பிஎஸ்ஐ குறைவு, அதனால் இங்கே பிடித்த காற்றை அங்கே அளந்தால் அந்த இரண்டு குறைந்து காட்டும். அதே நேரம் இங்கே காலை 14 டிகிரி, அங்கே மதியம் 33 என்றால் வெப்பம் கிட்டத்தட்ட அதே இரண்டைத் திரும்பக் கொடுத்துவிடும். ஆக மதியம் அளந்தால் ஒன்றும் ஆகாத மாதிரி இருக்கும், காலை ஏழு மணிக்கு முதல் ரவுண்டில் ஒன்றோ ஒன்றரையோ குறைந்திருக்கும். இங்கே 24 வைத்தேன் என்று நம்பிப் போகாமல், போன இடத்தில், ஓடும் முன் ஒரு தடவை, ஓடியதும் ஒரு தடவை அளங்கள்.

இதைவிட முக்கியம் இன்ஜின். உயரத்தில் காற்று லேசு, நூறு மீட்டருக்குச் சுமார் ஒரு சதவீதம் சக்தி போகும் என்று வையுங்கள். நம் பூமியில் சோம்பலாக இருந்த வண்டி கீழே போனதும் ஏழெட்டுப் பங்கில் ஒரு பங்கு கூடுதலாக உதைக்கும், இங்கே வளைவை விட்டு வெளியேறும்போது சமமாக இருந்த பின்பக்கம் அங்கே சுற்றும். அதனால் நான் இங்கே வேண்டுமென்றே கொஞ்சம் மந்தமாக, முன்பக்கம் முழுக்கத் திரும்பாமல் லேசாக நேரே தள்ளுகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் இறங்குவேன்.

மண்ணும் ஒரே மாதிரி இருக்காது. காலையில் ஈரச் செம்மண் டயரைப் பிடிக்கும், வண்டி நன்றாகச் சாயும், அப்போது ஷாக்கை ஒரு கிளிக் இறுக்கினால் தாங்கும். பதினொரு மணிக்கு மேல் ஈரம் போய் மேலே மாவு மாதிரிப் புழுதி, அடியில் பளபளவென்று கெட்டித் தரை. அதில் எல்லாவற்றையும் இளக்க வேண்டும், காற்றையும் இரண்டு குறைக்கலாம்.

எதை மாற்றுவது என்று குழம்பினால் டிரைவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: எங்கே? நுழையும்போது கழன்றால் உயரத்தையும் பின் பிரேக்கையும் பாருங்கள். வளைவின் நடுவில் என்றால் காற்றும் குறுக்கு எடையும். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது என்றால் ஷாக் இளக்கம், ஆக்ஸில் முறுக்கிக்கொள்வது, கொஞ்சம் டிரைவரின் கால். "மொத்தமா சரியில்லை" என்று பதில் வந்தால் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து இன்னும் மூன்று ரவுண்டு ஓட்டச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான், முதலில் காற்று, அப்புறம் கிளிக், அப்புறம் உயரம், பட்டை கடைசி. இரண்டை ஒன்றாக மாற்றி வண்டி நன்றாக ஓடிவிட்டால்தான் பெரிய கஷ்டம், எது வேலை செய்தது என்று தெரியாமல் அடுத்த மாதம் முழுக்கத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

பட்டையைக் கழற்றி மாட்டிய பிறகு யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், வண்டியின் பாரம் சக்கரத்தில் இருக்கும்போது இறுக்குங்கள், கண் போல்ட்டையும் அப்படியே, தொங்கும்போது இறுக்கினால் புஷ் முறுக்கிக்கொண்டே இருக்கும். பிறகு மேட்டுப்பாளையம் வரை 33 கி.மீ. மெதுவாக இறங்கி, கீழே டீ குடிக்கிற இடத்தில் எட்டு நட்டையும் மறுபடி ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் கால் சுற்றாவது ஏறியிருக்கிறது.